சமாதானத்துக்கு வந்த ஏழாம் குறிப்பு

மதிப்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைப் பெற்றவனின் பணிவான வணக்கம். இங்கே நானும் வீட்டாரும் சௌக்கியம், என் கடைவாய்ப்பல் ஒன்று நீங்கலாக. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் சௌக்கியமென்று நம்புகிறேன். நான் போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை என்பதால் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. "மன்னிச்சிடுங்கன்னு ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்க, போதும்" என்கிறாள் என் வீட்டம்மா. ஒரு வரியில் முடிகிற விஷயமா இது? நடந்ததை நடந்தபடி எழுதினால் தாங்களே "அட, இவ்வளவுதானா!" என்று சிரித்துவிடுவீர்கள் என்ற தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

குறுக்கெழுத்துப் பத்திரிகையின் ஆசிரியர் போன மாதம் எனக்குப் போன் செய்தார். வழக்கமான நடுவருக்குக் கண்ணில் ஆபரேஷன், இந்த மாதக் குறிப்புப் போட்டிக்கு நீங்கள் நடுவராக இருக்க முடியுமா என்று கேட்டார். சம்பந்தி, எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனை வருஷமாக அந்தப் போட்டிக்கு எழுதி அனுப்பி, "பரவாயில்லை", "இன்னும் முயலலாம்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்! உடனே கடைக்கு ஓடிப் போய்ச் சிவப்புப் பேனா வாங்கினேன். வருகிற வழியில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் நான் நடுவராகிவிட்டேன் என்று சொன்னேன். கீழ்வீட்டுத் தையல்காரர் மட்டும் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அப்படியா சார், எந்தக் கோர்ட்ல?" என்று கேட்டார். எந்தக் கோர்ட்டாக இருந்தால் என்ன, தீர்ப்பு தீர்ப்புதானே என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன். தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகத்தில் தலை நரைத்தவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். கடைக்காரன் காப்பி வாங்கித் தருகிறேன் என்றாலும் முள் நடுவில் நிற்காத தராசுக்கு நான் முத்திரை குத்தியதில்லை. அந்தப் புத்திதான் இப்போது இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

போட்டிக்குக் கொடுத்திருந்த சொல் 'சமாதானம்'. அதை விடையாகக் கொண்டு குறிப்பு எழுத வேண்டும். குறிப்பு பார்வைக்குச் சாதாரண வாக்கியமாக இருக்க வேண்டும், உள்ளே சொல்லைக் கட்டுவதற்கான துண்டுகள் இருக்க வேண்டும், விடைக்கு நேரான பொருள் வாக்கியத்தின் ஏதாவது ஓர் ஓரத்தில் இருந்தே தீர வேண்டும். தங்களுக்கே நான் இதைச் சொல்கிறேன் பாருங்கள்! ஆசிரியர் எல்லாக் குறிப்புகளையும் வந்த வரிசைப்படி எண் போட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவார். பெயர் இருக்காது, ஊர் இருக்காது, கையெழுத்தும் தெரியாது. எண் மட்டும்தான். காகிதக் கட்டு வந்ததும் சாப்பாட்டு மேஜையிலேயே பரப்பிவிட்டேன். "தட்டு வைக்க இடம் குடுங்க" என்று வீட்டம்மா சத்தம் போட்டாள். அந்த நேரத்தில்தான் சம்பந்தி, அந்தக் குறிப்பைப் பார்த்தேன்: 'சனம் நடுவே தாய் நுழைந்ததும் அமைதி.' ஆகா! 'சனம்' என்ற சொல்லைப் பிளந்து நடுவில் 'மாதா'வை நுழைத்துப் பாருங்கள். ச, மாதா, னம். சமாதானம்! கடைசியில் 'அமைதி' என்று நேரான பொருளும் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. படித்தால் கூச்சல் போடுகிற கூட்டத்துக்குள் ஓர் அம்மா வந்து நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. நான் நாற்காலியை விட்டு எழுந்து கையைத் தட்டிவிட்டேன். குழம்புக் கரண்டியோடு வந்த வீட்டம்மா, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள். நான் விளக்கிச் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு. குழம்பு ஆறுது" என்றாள். எழுதியவர் யாரோ, எங்கே இருக்கிறாரோ, அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. முதல் பரிசு அங்கேயே முடிவாகிவிட்டது.

இனி ஏழாம் எண். 'மாசம் முடியும் முன்னே திரும்பி வந்து கொடை தந்தார்.' மாசம் முடியாவிட்டால் 'மாச', அது திரும்பினால் 'சமா', கொடை என்றால் 'தானம்'. கட்டுமானம் கச்சிதம், சம்பந்தி! கொத்தனார் கூட அவ்வளவு நேராகச் செங்கல் வைக்க மாட்டார். ஆனால் நேரான பொருள் எங்கே? முன்னால் தேடினேன், பின்னால் தேடினேன், காகிதத்தைத் திருப்பிப் போட்டும் தேடினேன். எழுதியவர் அதைச் சுத்தமாக மறந்துவிட்டார். இவ்வளவு அழகாகக் கட்டிவிட்டு வாசற்படி வைக்காமல் விட்டாரே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் எழுதினேன்: 'பல்லைப் பிடுங்கச் சொன்னால் பல்லை விட்டுவிட்டு ஈறைப் பிடுங்கியிருக்கிறார். இவர் தொழில் எதுவோ, அதில் இவரிடம் மாட்டியவர்கள் பாவம்.' எழுதிவிட்டு நானே ரசித்துச் சிரித்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

ஏழாம் எண் தாங்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தாங்கள் குறுக்கெழுத்துப் போடுவீர்கள் என்பதே தெரியாதே! இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசிய அன்றைக்கு மண்டபம், அழைப்பிதழ், கார் என்று பேசினோமே தவிர, இதைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததா? பத்திரிகை வெளிவந்த அன்று காலையில் தங்கள் போன் வந்தது. "அந்த ஏழாம் நம்பர் நான்தான். நடுவருக்கு நம்பர் மட்டும்தான் தெரியும்னா பல்லு எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டீர்கள். "சம்பந்தி, சத்தியமா..." என்று ஆரம்பித்தேன். "என் கிளினிக்ல காத்திருக்கிறவங்க படிக்கிற மேஜையில அந்தப் பத்திரிகை கிடக்குது. ஒரு ஆள் படிச்சுட்டு என்னைப் பாத்தான், புத்தகத்தைப் பாத்தான், எழுந்து போயிட்டான்" என்றீர்கள். அப்புறம் வைத்துவிட்டீர்கள். சாயங்காலம் மாப்பிள்ளை என் மகளிடம், "அப்பா கல்யாணத் தேதியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்ங்கறார்" என்று சொன்னாராம்.

பல் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள் அல்லவா? இதோ பதில். அன்றைக்கு எனக்கே பல்வலி. ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை குறிப்புக்கும் தீர்ப்பு எழுதினேன். உலகத்தில் பல்லைத் தவிர வேறெதுவும் என் நினைவில் இல்லை. அன்று மாலையே பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிற பல் டாக்டரிடம் போய்க் காட்டினேன். அவர் கொடுத்த ரசீதை அத்தாட்சிக்காக இத்துடன் வைத்திருக்கிறேன், தேதியைப் பாருங்கள். சம்பந்தியே பல் டாக்டராக இருக்கும்போது இன்னொருவரிடம் போகலாமா என்று தாங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சம்பந்தி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு படுப்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது, அது ஒன்று. இன்னொன்று, தங்கள் கை கொஞ்சம் முரட்டுக் கை என்று ஒருவர் சொல்லக் கேள்விப்பட்டிருந்தேன். யாரென்று கேட்காதீர்கள். மாப்பிள்ளை விளையாட்டாகத்தான் சொன்னார் என்று என் மகள் சொல்கிறாள். மற்றபடி பஸ் நிறுத்த டாக்டரிடம் வலியே தெரியவில்லை. இதை அவரைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிற ஒருவன் தங்களை வேண்டுமென்றே சீண்டியிருப்பானா என்று யோசியுங்கள்.

என் மகள் அழவில்லை, சம்பந்தி. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "அப்பா, அவரைத்தான் கட்டிக்கப் போறேன், அதுல மாத்தம் இல்ல. ஆனா மேடையில ரெண்டு அப்பாவும் நிக்கணும். அது ஒண்ணுதான் நான் கேக்கறேன்." சின்ன வயதிலிருந்து அவள் என்னிடம் அதிகம் எதுவும் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால், தங்கள் மேல் எனக்கு இப்போது முன்னைவிடப் பாசம் அதிகமாகியிருக்கிறது. 'மாசம் முடியும் முன்னே' என்று யோசிக்கிற மூளை என் சம்பந்திக்கு இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்! கல்யாணத்துக்குப் பிறகு ஒரே சோபாவில் உட்கார்ந்து, ஒரே பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு, கட்டத்துக்குக் கட்டம் சண்டை போடலாமே என்று இப்போதே மனசு பறக்கிறது. வீட்டம்மாக்கள் நம் இருவரையும் திட்டிக்கொள்ளட்டும், அவர்களுக்கும் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

ஆகவே, நான் அவசரப்பட்டுவிட்டேன் என்பதை இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன். ஏழாம் எண் குறிப்பில் குறையேதும் இல்லை. நேரான பொருள் அதில் மறைவாக இருக்கிறது, அதை என் கண்தான் பார்க்கத் தவறிவிட்டது. என் விமர்சனத்தை முழு மனதோடு திரும்பப் பெறுகிறேன். அடுத்த இதழில் இப்படியே வெளியிடும்படி ஆசிரியருக்கும் எழுதுகிறேன். தாங்கள் பெரிய மனசு பண்ணித் தேதியைப் பழையபடியே வைத்துக்கொள்ள வேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசி, தங்கள் கை பற்றி அவர் சொன்னதாக நான் எழுதியதைத் தாங்கள் கண்டுகொள்ள வேண்டாம். வீடு நிறைய எல்லோரும் நீண்ட ஆயுளோடும் ஆரோக்கியத்தோடும் இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்த்துத் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைக் கொடுத்திருக்கும்,
பெண்ணின் தகப்பன்.

பின்குறிப்பு: வீட்டம்மா கவர் தேட உள்ளே போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் எழுதுகிறேன். குறை இல்லை என்று மேலே உள்ள பத்தி அவள் பின்னால் நின்று சொல்லச் சொல்ல நான் எழுதியது. சம்பந்தி, என்னால் முடியவில்லை. அதில் நேரான பொருள் இல்லை. மறைவாகவும் இல்லை, வெளியிலும் இல்லை. முள் சாய்ந்து நிற்கிற தராசுக்கு முத்திரை குத்த என் கை வரமாட்டேன் என்கிறது. திரும்பப் பெற்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஆசிரியருக்கும் எழுதப்போவதில்லை.

ஆனால் இன்னொரு சமாசாரம் கேளுங்கள். சற்று முன்னால் ஆசிரியர் போன் செய்தார். வழக்கமான நடுவருக்குக் கண் இன்னும் சரியாகவில்லையாம், அடுத்த மாதத்துக்குத் தங்களைக் கேட்கலாமா, ஒத்துக்கொள்வீர்களா என்று என்னிடம் விசாரித்தார். கண்டிப்பாக ஒத்துக்கொள்வார் என்று நான் போட்ட கூச்சலில் தையல்காரர் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த மாதப் போட்டிக்கு அறிவிப்பு வந்த அன்றைக்கே நான் எழுதி அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தது என்னுடையதுதான் என்று ஆசிரியர் சொன்னார். போட்டியாளர் தன் எண்ணை நடுவரிடம் சொல்லக் கூடாது. சொன்னவர்களை நானே அயோக்கியர்கள் என்று பத்திரிகைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன், பெண்ணைப் பெற்றவன் வேறென்ன செய்ய? ஒன்றாம் எண் என்னுடையது. வாய்க்கு வந்ததை எழுதுங்கள், என் பழைய உத்தியோகத்தையும் இழுத்து வைத்து எழுதுங்கள், தங்கள் கிளினிக்கில் காத்திருப்பவர்கள் எல்லோரும் படித்துச் சிரிக்கட்டும். அப்புறம் நாம் இருவரும் மேடை ஏறுவோம். நான் இதுவரை எழுதியதிலேயே நல்ல குறிப்பு அதுதான், சம்பந்தி. தயங்காமல் கிழித்துவிடுங்கள்.