என் தம்பிக்குச் சாத்தான் ஓட்டிய சனிக்கிழமை

சாத்தானோடு நான் ஒரே ஒரு முறைதான் மோதியிருக்கிறேன். மோதல் நடந்த நேரத்தில் சாத்தான் வீட்டில் இல்லை. தஞ்சோங் காராங்கில் யாரோ ஒருவர் வீட்டுக்குக் குளிரூட்டும் ஏர்கோன் மாட்டப் போயிருந்தான். சாத்தான் என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டிருந்தது என் கூடப்பிறந்த தம்பி டேனியலை. இதை எழுதக் கை கூசுகிறது. கூச வேண்டிய அன்றைக்குக் கூசவில்லை, இப்போது கூசி என்ன பிரயோசனம்?

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. புக்கிட் செந்தோசாவில் டயர்க் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சபை. அதில் நான் வாலிபர் தலைவர். (வாலிபர்கள் மொத்தம் ஏழு பேர். இரண்டு பேருக்குப் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள்.) என் கையில் ஒரு மைக் கிடைத்துவிட்டால் போதும், வானத்துக்குக் கீழே எனக்குத் தெரியாதது எதுவும் இல்லாத மாதிரி பேசுவேன். அம்மா புற்றுநோயில் படுத்திருந்தபோதும் அப்படித்தான் பேசினேன். "என் தாயார் சுகமாகிவிட்டார்கள்" என்று சபையில் சாட்சி சொன்னேன். நல்ல கைதட்டல். அந்த மாதங்களில் அம்மாவைக் கீமோவுக்குக் கூட்டிக்கொண்டு போய், கூடவே உட்கார்ந்திருந்து, வாந்தி எடுத்தால் ஏந்திப் பிடித்தது தம்பி. நான் உபவாச ஜெபத்தில் இருந்தேன். மருத்துவமனைக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், ஜெபிக்கத்தான் ஆள் வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அம்மா இறந்துவிட்டார்.

சாட்சி சொன்னவனுக்கு அதன்பிறகு ஒரு தர்மசங்கடம். சுகமாகிவிட்டார் என்று ஊரறிய அறிவித்தாகிவிட்டது. இப்போது யார்மீதாவது பழியைப் போட்டாக வேண்டும். ஆண்டவர்மீது போட முடியாது. என்மீது போட்டுக்கொள்ள மனம் வரவில்லை. அம்மாவுக்கான நினைவு ஜெபத்தில், அப்பா வீட்டு முன்னறையில், மைக்கைப் பிடித்துச் சொன்னேன். "இந்த வீட்டுல யாரோ ஒருத்தர் சாத்தானுக்குக் கதவத் தொறந்து விட்டிருக்காங்க." சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தேன். அவன் சபைக்கு வருவதை நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது. எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் எழுந்து போய், வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். ஒரு மாதம் கழித்துத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் மதம் என்கிற இடத்தில் 'சாத்தானியம்' என்று போட்டான். ஆட்டுத்தலை படம் போட்ட கறுப்பு டீ-ஷர்ட் ஒன்றும் வாங்கினான்.

நான் பதறிப்போய் ஆராய்ச்சியில் இறங்கினேன். ஆராய்ச்சி என்றால் வாட்ஸ்அப். மூன்று நாளில் 'சாத்தான் மதத்தின் ஏழு அடையாளங்கள்' என்று ஸ்லைடு தயாரித்துவிட்டேன். கறுப்பு உடை, ஆடு, மெழுகுவர்த்தி, சத்தமான பாட்டு, இதெல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்த தகவல். இடம் நிரப்ப, முடி, நகம், சிவப்புத் துணி என்று எஸ்டேட் தோட்டத்தில் சின்ன வயதில் கேட்டுப் பயந்த சூனியச் சாமான்களையும் சேர்த்துக்கொண்டேன். நம் ஊர்ச் சூனியத்துக்கும் அந்த ஊர்ச் சாத்தானியத்துக்கும் அறிமுகமே கிடையாது என்பது எனக்குத் தெரியாது. எனக்குப் பயம் ஒன்றுதான் தெரியும், அதில் எல்லாப் பேயும் ஒரே குடும்பம்.

தம்பியிடமே நேரில் கேட்டுவிடலாம் என்று ஒரு நாள் கோலசிலாங்கூரில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு அவனை வரச்சொன்னேன்.

"நீ சாத்தான கும்பிடுறியா?" என்றேன். பக்கத்து மேசைக்காரர் ரொட்டி சானாயைப் பாதியில் வைத்துவிட்டுப் பார்த்தார்.

"மெதுவா பேசுங்கண்ணே" என்றான் டேனியல். "சாத்தான் நெசமா ஒரு ஆளுன்னு நம்பிக் கும்பிடுறவங்களும் இருக்காங்க, ஆனா ரொம்பக் கொஞ்சம் பேரு. நான் படிச்சது வேற. அவங்களுக்குக் கடவுளும் இல்ல, சாத்தானும் இல்ல. மேல இருக்கறவன் சொன்னத அப்படியே கேக்காம, ஏன்னு கேட்டான் பாருங்க, அந்தக் கேள்விக்கு ஒரு பேரு. அவ்ளோதான்."

"இல்லாதவன் பேர எதுக்குடா வெச்சிக்கணும்?"

"நீங்க பயப்படுற பேரு அதுதானேண்ணே. உங்க மதம் இல்லாட்டி இந்தப் பேருக்கு ஒரு அர்த்தமும் இல்ல. சாத்தான நெசமா நம்புறது நீங்கதான். நெனைவு ஜெபத்துல நீங்க பேசுனீங்களே, அதுல இயேசுவ விட அவன் பேருதான் அதிகமா வந்துச்சு."

அவர்களுக்குச் சட்டதிட்டம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். நரபலி மாதிரி ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். மற்றவர்மேல் இரக்கமாக இருக்க வேண்டும், தவறு செய்தால் ஒத்துக்கொண்டு சரிசெய்யப் பார்க்க வேண்டும் என்றான். (எங்கள் ஞாயிறு பள்ளிப் பாடம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.)

"சாத்தான்ங்கிற வார்த்தைக்கு மொதல்ல குத்தம் சாட்டுறவன்னுதான் அர்த்தமாம். அது ஆளோட பேரு கூட இல்லண்ணே, ஒரு வேலையோட பேரு" என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன், ஸ்லைடில் சேர்க்கலாம் என்று.

போகும்போது, "அம்மாவுக்கு நோவு வந்தது என்னாலயாண்ணே?" என்று கேட்டான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். "மனந்திரும்பு, எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

தம்பியை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அதற்குப் பிறகு என் தலைக்குள் இருந்தது. இதில் பாசமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா போன வீட்டில் அவனும் போய்விடுவானோ என்று எனக்கு நிஜமாகவே பயம். பாசம் உள்ளவன் தம்பியோடு நாலு நாள் தங்கியிருப்பான். நான் விடுதலை ஜெபத்துக்கு ஏற்பாடு செய்தேன். சனிக்கிழமை பிற்பகல், அப்பா வீட்டில்.

பாஸ்டர் நல்ல மனிதர், பேய் ஓட்டி அவருக்குப் பழக்கமில்லை. "ஆளே இல்லாம எப்டி பிரதர் ஜெபிக்கறது?" என்று தயங்கினார். ஆளை விடுங்கள், முதலில் அறையைச் சுத்தம் செய்வோம், அவன் ஐந்து மணிக்கு வந்துவிடுவான் என்றேன். ஆடு சாத்தானின் சின்னம் என்பதால் அப்பா வீட்டுக்குப் பின்னால் வளர்த்த மூன்று ஆடுகளையும் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டச் சொன்னேன். தோட்டத்தில் முப்பது வருடம் லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர் அப்பா. கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "இயேசு பொறந்தப்ப ஆடு மேய்ச்சவங்களத் தேடித்தானேடா தேவதூதனே வந்தான்?" என்று கேட்டார். "அப்பா, நேரமாவுது லா" என்றேன்.

பக்கத்து வீடு அத்தையுடையது, அப்பாவின் அக்கா. இந்து வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். அவரும் வந்து உட்கார்ந்தார், இடுப்பில் திருநீற்றுப் பொட்டலத்தோடு. ஒன்று வேலை செய்யாவிட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்றார்.

டேனியல் அறையில் மெழுகுவர்த்தி இல்லை. ஆட்டுத்தலை டீ-ஷர்ட்டைத் துவைத்து மடித்து வைத்திருந்தான். சாத்தானியம் இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அலமாரியின் மேல் தட்டில், துணிகளுக்குப் பின்னால், கறுப்பு நெகிழிப் பையில் சுற்றிய ஒரு காலணிப் பெட்டி இருந்தது. திறந்தேன். சிவப்புத் துணி. பிரித்தால் உள்ளே நீளமாக ஒரு கற்றை முடி, நூலால் கட்டியிருந்தது. சுற்றிலும் காய்ந்த வேப்பிலை, கற்பூரக் கட்டிகள்.

அத்தை எட்டிப் பார்த்து மார்பில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ சாமி, செய்வினைடா இது! பொம்பள முடிடா!"

பாஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. எனக்குள்ளோ, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு சந்தோஷம். என் ஸ்லைடில் இருந்த முடியும் சிவப்புத் துணியும் ஒரே பெட்டியில்! அம்மாவை எடுத்துக்கொண்டது இதுதான் என்று அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன்.

கொல்லைப்புறத்தில் அப்பா குப்பை எரிக்கும் இரும்பு டிரம் இருந்தது. சபையார் சுற்றி நின்று கைதட்டிப் பாடினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து கூட்டத்துக்குள் புகுந்தது. ஒரு சகோதரி அலறிக்கொண்டு நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். பேரப்பிள்ளைகள் உள்ள வாலிபர் ஒருவர் பப்பாளி மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் அசரவில்லை. பெட்டியை டிரம்மில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தேன். முடி பொசுங்கும் வாடை எழுந்தது. அத்தை சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, "நாத்தத்தப் பாரு!" என்றார். நான் உரக்க அல்லேலூயா சொன்னேன். மூன்று தடவை சொன்னேன்.

டேனியல் வேலை சீக்கிரம் முடிந்து வந்துவிட்டான். மோட்டாரைப் போட்டுவிட்டு, தலைக்கவசத்தோடு கொல்லைப்பக்கம் வந்தான். கூட்டத்தைப் பார்த்தான், கீழே கிடந்த கறுப்புப் பையைப் பார்த்தான், டிரம்மைப் பார்த்தான். நேராக நெருப்புக்குள் கையை விட்டான். நான் அவனைப் பிடித்து இழுத்தேன். சாத்தான் தன் பொருளைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று நினைத்து யாரோ இன்னும் பலமாகத் தம்புரு தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் அவன் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

"அம்மாவோட முடிண்ணே."

அப்புறம் அவன் போய்விட்டான். மோட்டார்ச் சத்தம் தூரத்தில் தேய்ந்துபோகும்வரை நான் டிரம் பக்கத்திலேயே நின்றேன். அப்பா வந்து, "என்னடா சொன்னான்?" என்று கேட்டார். "ஒன்னுமில்லப்பா" என்றேன். எல்லோரும் உள்ளே போய் மீகூன் சாப்பிட்டார்கள்.

மறுநாள் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இரண்டாவது கீமோவில் முடி கொட்ட ஆரம்பித்ததும் அம்மாவே வெட்டிவிடச் சொன்னாராம். அவன்தான் வெட்டினான். வெட்டியதை அவன் கையிலேயே கொடுத்து, "பத்திரமா வெச்சிக்க, அப்பாகிட்ட காட்டாத, அழுவாரு" என்றாராம். பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பிலையும் கற்பூரமும். சிவப்புத் துணி, கடையில் அந்த நிறம்தான் இருந்ததாம். இவ்வளவும் எழுதிவிட்டு, கடைசியில் என்னைத் திட்டி ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டியிருந்தால் பதிலாவது எழுதியிருப்பேன்.

எனக்கு அந்த முடி அடையாளம் தெரியவில்லை. சின்ன வயதில் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன். அடையாளம் தெரியவில்லை.

டேனியல் பாகான் நக்கோடா ஓமாரில் மீனவர்களுக்கு ஐஸ் செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்டான். மூன்று வருடம் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் வாலிபர் தலைவர் பொறுப்பை விட்டேன். சபைக்கு இன்றும் போகிறேன், கடைசி வரிசையில் உட்காருகிறேன். மைக் கொடுத்தால் தொண்டை சரியில்லை என்பேன். எப்போதும் சரியில்லாத தொண்டை என்று பாஸ்டர் எனக்காகத் தனியாக ஜெபித்துக்கொண்டிருக்கிறார்.

நான்காம் வருடக் கிறிஸ்துமஸுக்கு அப்பா கெஞ்சிக் கூப்பிட்டு டேனியல் வந்தான். முன்தலை முடி நன்றாக ஏறிப்போயிருந்தது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தை சும்மா இருக்காமல், "ஏன்டா, அன்னிக்கு அந்தப் பொட்டியில வெச்சிருந்தியே, அது யாரு முடிடா?" என்று கேட்டுவிட்டார். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

டேனியல் நிதானமாகக் கோழியை மென்று விழுங்கினான். "எம்முடிதான் அத்த. காலேஜ்ல குடுமி வளத்தேனே, வேலைக்குச் சேரறப்ப வெட்டுனது. பின்னால வழுக்க விழுந்தா விக்கு வெச்சிக்கலாம்னு பத்திரமா வெச்சிருந்தேன். அண்ணன் ஜெபம் பண்ணி எரிச்சிட்டாரு. இப்பப் பாருங்க!" என்று குனிந்து தன் தலையைக் காட்டினான்.

வீடே சிரித்தது. அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அம்மா போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கைகழுவும் இடத்தில் அவன் பின்னாலேயே போய், "டேனி..." என்று ஆரம்பித்தேன். "அப்பாவுக்காகச் சொன்னேன். ஒங்களுக்காக இல்ல" என்றான். குழாயை மூடிவிட்டு, துண்டை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

இப்போது அவனுக்கு ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். வருடா வருடம் கிறிஸ்துமஸ் விருந்தில் யாராவது அந்தக் கதையை எடுத்துவிடுவார்கள், அவன் தலையைக் குனிந்து காட்டுவான், வழுக்கை போன வருடத்தைவிட ஒரு விரற்கடை கூடியிருக்கும், எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். போன கிறிஸ்துமஸில் அவள் வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "பெரியப்பா, நீங்கதான் அந்த முடிய எரிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. தப்புதான்மா. மன்னிச்சிக்கோ" என்றேன். இத்தனை வருடத்தில் நான் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. எதிரில் டேனியல் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

அவள் என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். "பரவால்ல லா பெரியப்பா. முடிதானே, திரும்ப வளந்துடும்."