வெட்ட முடியாத ‘ங்க’

தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து மரியாதையை ஒழித்துக்கட்டவென்றே பிறந்தவர் எங்கள் ஹாஸ்டல் சீனியர் ‘விடுடா’ அக்கா. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வயல்காரக் குடும்பம். வரப்பில் நின்று குரல் கொடுத்தால் நாலு வயல் தாண்டி மேயும் மாடு திரும்பிப் பார்க்கும். அப்படி ஒரு தொண்டை.

நான் அப்போது பிரவுன் பெல்ட். சாயங்காலம் மொட்டைமாடியில் பன்னிரண்டு பெண்களுக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்தேன். வெள்ளை உடுப்பு, குனிந்து வணக்கம், வரிசை பிசகாத குத்து. அக்கா வந்து வேடிக்கை பார்த்தார்.

“ஏண்டி, பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் கையைப் பிடிச்சா, ‘இருங்க, டிரஸ் மாத்திட்டு வர்றேன்’னு சொல்லுவியா?”

மறுநாளே தன் வகுப்பைத் தொடங்கிவிட்டார். எங்கே, எப்போது என்று யாருக்கும் தெரியாது. மெஸ் வரிசையில் சாம்பார்த் தட்டோடு நிற்கும்போது பின்னாலிருந்து மணிக்கட்டைப் பிடிப்பார். துணி காயப்போடும்போது பின்னலை இழுப்பார். நாங்கள் பதறிப்போய், “விடுங்கக்கா!” என்போம்.

“அது என்னடி ‘ங்க’? அவன் என்ன உன் மாமனாரா? வெட்டு அந்த ‘ங்க’வை! ‘விடுடா’ன்னு வயித்துலேர்ந்து கத்து. நாலு பேர் திரும்பணும். அப்புறம் ஓடு. ஓட வழியில்லேன்னாதான் அடி.”

ஒரே மாதத்தில் ஹாஸ்டல் முழுக்க ‘விடுடா’ என்று அலறியது. பால்காரர் கேனை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். மொட்டைமாடியில் மிஞ்சியது நானும் என் பெல்ட்டும்தான்.

வார்டன் என்னைக் கூப்பிட்டார். “நீதானேம்மா கராத்தே தெரிஞ்சவ. அவ சொல்லித்தர்றதுல பிரயோஜனம் இருக்கா?”

“அது கராத்தேயே இல்ல மேடம். சும்மா கத்துறாங்க.”

அக்காவை அறையைக் காலிசெய்யச் சொல்ல வார்டனுக்கு அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. மாதக் கடைசியில் அக்கா பெட்டியோடு படியிறங்கினார். போகிறபோதும் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் வீம்பாக, “விடுங்க” என்றேன்.

உடனே விட்டுவிட்டார்.

போன வருஷம், திருவிடைமருதூர் பஸ். நெருக்கியடிக்கும் கூட்டம். என் ஒரு கை கம்பியில், மறு கை பையில். இடுப்பில் எவனுடைய கையோ. ஐந்து வருஷம் பழகிய குத்தில் ஒன்றைக்கூட நீட்ட அங்கே இடமில்லை.

“விடுடா!”

என் வயிற்றிலிருந்து கத்தியது அக்காதான். பஸ்ஸே திரும்பியது. டிரைவர் பிரேக் போட்டார். அவன் செருப்பை விட்டுவிட்டு இறங்கி ஓடினான்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அக்காவுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் அறுப்பு மெஷின் சத்தம்.

“அக்கா... மன்னிச்சிடுங்க.”

“ஒண்ணும் கேக்கலடி! சத்தமா சொல்லு!”

அதற்கு மட்டும் எனக்குக் குரல் எழும்பவில்லை.