எரர் என்று எழுதிக் கொடுங்கள், மாப்பிள்ளை

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம் என்று எழுதுவதுதான் முறை. உங்கள் அத்தை நலம்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து போனில் நீங்கள் "சரி மாமா" என்பதற்கு மேல் பேசியதில்லை, நானும் "சாப்பிட்டாச்சா" என்பதற்கு மேல் கேட்டதில்லை. விஷயமோ பெரியது. அதனால் இன்று சாயங்காலம் உங்களிடம் திரும்பி வரும் நம் பெண்ணின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வழியிலேயே பிரித்துப் படிப்பாள். படிக்கட்டும்.

நான் தையல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குப் பேன்ட் தைக்கிற ஆர்டர் ஒன்று வந்தது. நீள மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அட்டையை வைத்துக் கோடு போட்டு, மெஷினை ஓட்டி எல்லா அடுக்கையும் ஒன்றாக வெட்டுவோம். விரிக்கும்போது ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு அடுக்கின் நல்ல பக்கம் மேலே பார்த்தால் அடுத்த அடுக்கின் நல்ல பக்கம் கீழே பார்க்க வேண்டும், அப்போதுதான் பாதி இடது காலும் பாதி வலது காலுமாக விழும், எல்லாம் மேலேயே பார்த்தால் எல்லாம் ஒரே கால். இன்று காலையில் எல்லாம் மேலேயே பார்த்துவிட்டன. தையல் பகுதி சூப்பர்வைசர் அம்மா இரண்டு துண்டுகளைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"மாஸ்டர், வலது கால் எங்க?"

"கட்டுக்குள்ளதாம்மா இருக்கும், நல்லாத் தேடு."

"தேடியாச்சு. எல்லாமே இடதுதான். ரெண்டு காலும் இடதா இருக்கிற ஆளாப் பாத்து வேலைக்கு எடுத்திருக்காங்களா அந்த ஆஸ்பத்திரில?"

தைக்கிறவர்கள் எல்லோரும் மெஷின்களை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள் மாப்பிள்ளை. மானம் கப்பலேறியது.

புது மேனேஜர் வந்தார். நம் பெண்ணைவிடச் சின்னவர். நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பேன். மனுஷன் திட்டவில்லை. "மாஸ்டர், இது எரரா, மிஸ்டேக்கா? யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க. அதை வெச்சுத்தான் நீங்க இந்த மேஜையில இருக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மேஜையை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்?

ஸ்டோர்காரரைக் கேட்டேன். "பெரிசா இருந்தா மிஸ்டேக், சின்னதா இருந்தா எரர்" என்றார். வேன் டிரைவரைக் கேட்டேன், அவர் அப்படியே தலைகீழாகச் சொன்னார். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தால் உங்கள் அத்தை சாப்பாட்டில் உப்பை இரண்டு தடவை போட்டு வைத்திருக்கிறாள். நல்ல உதாரணம் கிடைத்ததே என்று, "இது எரரா, மிஸ்டேக்கா?" என்று பணிவாகத்தான் கேட்டேன். "பேசாம சாப்பிடுங்க, ரெண்டும் இல்ல, என் தலையெழுத்து" என்றாள். நம் பெண்ணோ, "ரெண்டும் தப்புதாம்ப்பா. தப்புன்னு ஒத்துக்கிட்டு ஒரு சாரி சொல்லிட்டுப் போங்களேன்" என்கிறாள். பெற்ற அப்பனிடமே இப்படிப் பேசுகிறவள் உங்களிடம் எப்படிப் பேசுவாள் என்று நினைத்தேன், உங்கள் மேல் எனக்கு முதல்முறையாக இரக்கம் வந்தது.

யாரும் உதவாததால் நானே யோசித்தேன். கம்ப்யூட்டருக்கு எப்போதும் எரர்தான் வருகிறது, மிஸ்டேக் வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கம்ப்யூட்டரை யாரும் வேலையை விட்டுத் தூக்குவதுமில்லை, தட்டிக்கொடுத்து மறுபடி ஓட விடுகிறார்கள். ஆகவே எரர்தான் கௌரவமானது. எனக்கும் அதுவே வேண்டும். நியாயமும் அதுதான். மேஜைக்கு மேலே டியூப் லைட் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது. துணி ரோலையே உள்பக்கம் வெளியே வரும்படி சுற்றி அனுப்பியிருந்தார்கள். துணிக்கும் இரண்டு பக்கமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே ஜாடை. இதில் நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்? எனவே கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் தாங்கள், "மேற்படி சம்பவம் எரரே, மாஸ்டரிடம் மிஸ்டேக் அறவே கிடையாது" என்று இங்கிலீஷில் எழுதி, கல்லூரி முத்திரை குத்தி, போட்டோ எடுத்து அவள் போனிலிருந்து அனுப்பிவைக்கவும். நாளைக் காலையில் மேனேஜரிடம் காட்டவேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் கோபத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியதைக் கிழித்துப் போடவும். சாப்பிட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போனவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், அது எரர்தான் என்று காலேஜிலிருந்தே சர்டிபிகேட் வருகிறது என மேனேஜரிடம் மார்தட்டிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. "ஐயோ மாஸ்டர், எரர்னா வேலை தெரியாமச் செய்யறது. வேலை தெரிஞ்சவருக்குக் கை தவறினா அது மிஸ்டேக். மிஸ்டேக்னா வலது காலையும் வெட்டிக் குடுத்துட்டுப் போயிடுவீங்க. எரர்னா, புதுசாச் சேந்தவங்களோட உக்கார வெச்சு, துணிக்கு எது நல்ல பக்கம்னு உங்களுக்குச் சொல்லிக் குடுக்கணுமே!" என்றார்.

எனக்கா நல்ல பக்கம் தெரியாது? கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் தடவிச் சொல்வேனே! லைட் நன்றாகத்தான் எரிந்தது மாப்பிள்ளை. ரோலும் சரியாகத்தான் வந்தது. நான் விரித்துக்கொண்டிருந்தபோது ஸ்டோர்காரர் வந்து, "உங்க மருமகன் எப்படி?" என்று கேட்டார். அப்படியொரு தங்கமான பிள்ளை எந்த வீட்டுக்கும் வாய்க்காது என்று ஆரம்பித்தேன். சொல்லி முடிப்பதற்குள் ரோல் தீர்ந்துவிட்டது, ஒரு அடுக்கைக்கூடத் திருப்பிப் போடவில்லை. ஆகவே மிஸ்டேக் என்றே எழுதிக் கொடுங்கள். காரணத்தை மட்டும் மேனேஜருக்கு எழுதவேண்டாம். உங்களிடமே இன்றுதான் சொல்கிறேன்.