நலிவுச் சான்றிதழ்

பொன்வரை நாட்டு அரசர் ஏழைகள் மீது வைத்திருந்த அன்புக்கு அளவே கிடையாது. அந்த அன்பினால் ஒருநாள் ஓர் ஆணை பிறந்தது. நலிந்த பகுதிகளில் நிலம் வாங்கும் செல்வந்தர்கள் பத்தாண்டுகளுக்கு வரி கட்ட வேண்டாம். பணம் வந்து இறங்கும் இடத்தில் வறுமை நிற்காது என்று அவையில் விளக்கம் சொல்லப்பட்டது.

செல்வந்தர்கள் நலிந்த பகுதிகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். போன வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். அவர்களுக்குப் பிடித்தது ஆற்றங்கரையில் இருந்த உப்புக்காரத் தெரு. நல்ல காற்று, நல்ல தண்ணீர். குறை ஒன்றுதான்: அந்தத் தெரு நலிந்திருக்கவில்லை.

“அது ஒரு குறையா?” என்றார் வளர்ச்சி அமைச்சர். “நலிவு என்பது அரசு வழங்குவது. வழங்கிவிடுவோம்.”

அந்தத் தெருவில் மாவு மில் நடத்திவந்தவள் பவுனாம்பாள். கணவர் இறந்தபின் மோட்டாரைப் பழுதுபார்க்கத் தானே கற்றுக்கொண்டு, இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் ஓர் அதிகாரி வந்து, மில் சுவரில் ‘நலிந்த பகுதி’ என்று பலகை அடித்தார்.

“யாருய்யா நலிஞ்சவங்க? இந்தத் தெருவுல அடுப்பு எரியாத வீடு ஒண்ணு காட்டுங்க, பாப்போம்.”

“காட்ட வேண்டிய அவசியம் இல்லம்மா. ஆணையில இருக்கு.”

“நாங்க நல்லாத்தான் இருக்கோம்னு எழுதிக்குங்க.”

“அதுக்குப் படிவத்துல இடம் இல்லையே.”

பலகை அடித்த பிறகும் தெரு பிடிவாதமாக நன்றாகவே இருந்தது. நிலத்தின் விலை இறங்கவில்லை. அமைச்சர் மிகவும் வருந்தினார்.

நலிந்த பகுதிக்குப் பேருந்து வீண்செலவு என்று முதலில் பேருந்தை நிறுத்தினார்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஆறு மைல் நடந்தார்கள். நேரத்துக்குப் போய்ச்சேர முடியாமல் ஒவ்வொருவராக வேலையை இழந்தார்கள். பிறகு பள்ளியை மூடினார்கள். பவுனாம்பாளின் பெண்கள் இருவரும் வீட்டில் உட்கார்ந்தார்கள். கடைசியில் மின்சாரம் நாளுக்கு ஒரு மணி நேரம் என்றானது. அரைக்க வந்த கோதுமையை அரைக்காமலே திருப்பிக் கொடுத்த அன்று பவுனாம்பாள் மில்லைப் பூட்டினாள். வீடு வீடாகப் போய் ஒரு மனுவில் கையெழுத்து வாங்கி, அதை அமைச்சரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மனுவில் மூன்றே வரிகள்.

நாங்கள் நன்றாக வாழ்ந்தோம்.
இப்போது ஏழைகளாக இருக்கிறோம்.
இதைச் செய்தது நீங்கள்தான்.

அமைச்சர் படித்துவிட்டு ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். “முதல் வரியையும் கடைசி வரியையும் அடித்துவிடுங்கள்” என்றார் எழுத்தரிடம். மிஞ்சிய ஒரு வரிக்குக் கீழே நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் கையெழுத்து இருந்தது.

“ஐயா, நாங்க அப்படி எழுதலையே!” என்று கத்தினாள் பவுனாம்பாள்.

“இது தங்கள் கையெழுத்துதானே, அம்மா?” என்று அமைச்சர் மரியாதையாகக் கேட்டார்.

வீடுகள் கால் விலைக்குப் போயின. விற்க மறுத்தவர்களை அரசே வெளியேற்றியது. கடைசிக் குடும்பம் போன மறுநாள் மின்சாரம் வந்தது, பேருந்து வந்தது. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் நீச்சல் குளம் வந்தது.

தெருவின் பழைய மக்களை ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் இறக்கிவிட்டிருந்தார்கள். இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகு பவுனாம்பாள் பெண்களைக் கூட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனாள்.

ஊழியர் அட்டையைப் புரட்டினார். “உப்புக்காரத் தெருவா? நாட்டுலயே பணக்காரத் தெரு அதுதான். செல்வந்தர்களுக்கு அரிசி கிடையாதும்மா.”

“அங்க இப்ப நான் இல்லையே! நீங்கதானே துரத்துனீங்க?”

“அது எங்க துறை இல்ல.”

அப்போது வாசலில் அரசாங்க வண்டியின் ஒலிபெருக்கி முழங்கியது: “உப்புக்காரத் தெருவின் நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களும் வறுமையிலிருந்து மீட்கப்பட்டன! பேரரசர் வாழ்க!”

சின்னவள் பசியில் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பவுனாம்பாள் வெளியே ஓடினாள். வண்டியில் ஏறி ஒலிபெருக்கியைப் பிடுங்கித் தரையில் அடித்தாள்.

“ஏய், அது அரசாங்கச் சொத்து!” என்று காவலர் கையைப் பிடித்தார்.

“எங்க வீடு யாரு சொத்துடா?”

வழக்கு அன்றே நடந்தது. பொன்வரை நாட்டுச் சட்டம் கருணை மிக்கது. இப்படிப்பட்ட குற்றத்தைச் செய்தவர் ஏழையாக இருந்தால் எச்சரித்து அனுப்பிவிட வேண்டும். நீதிபதி அவளுடைய முகவரியைப் படித்தார். வசதி படைத்தவர்களே இப்படி நடந்துகொண்டால் நாடு என்னாவது என்று கண்டித்துவிட்டு, மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தார்.