ஒடைஞ்சிரும் அண்ணாச்சி

தூத்துக்குடியில் உள்ள பயம் அத்தனையையும் ஒரே ஆளிடம் கொடுத்து வைத்திருந்தார்கள் என்றால், அது ஒடைஞ்சிரும் அண்ணாச்சியிடம்தான். கண்ணாடியில் விழுந்த கீறலையும் குழியையும் தேய்த்து எடுப்பது அவர் தொழில். ஆனால் கண்ணாடி டம்ளரில் டீ குடிக்க மாட்டார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான். "ஒடைஞ்சிரும்." சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

துறைமுகம் போகிற சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சிக்குப் புது ஆபீஸ் கட்டினோம். நான் சூப்பர்வைசர். கடலைப் பார்த்தாற்போல் பன்னிரண்டடி உயரக் கண்ணாடி. அதை ஒட்டிய படிக்கட்டுக் கைப்பிடியை வெல்டிங் வைக்க வந்தவர், கண்ணாடியை மூட ஈரச்சாக்கு கேட்டார். "அஞ்சு நிமிச வேலைக்குச் சாக்கு என்னத்துக்கு?" என்றேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். பொறி தெறித்து, கண்ணாடி முழுக்க அம்மை போட்டதுபோல் கரும்புள்ளி. மறுநாள் காலை திறப்பு விழா, முதலாளி வருகிறார். கண்ணாடி போனால் என் வேலையும் போகும்.

அண்ணாச்சி வந்தார். நகத்தால் ஒரு புள்ளியைத் தடவினார்.

"ஒடைஞ்சிரும்."

நான் இரண்டடி பின்னால் போனேன்.

"ஃபேன நிறுத்தும். செருப்பக் கழட்டும். தும்மாதேயும்." சாக்பீஸால் பத்தடி தள்ளி ஒரு கோடு போட்டார். "இதத் தாண்டி இங்கன வராதேயும்."

ஒட்டியிருந்த பொறியைத் தண்ணீர் விட்டுப் பிளேடால் எடுத்தார். குழிகளில் பாலிஷ் மாவைக் குழைத்துப் பூசி மிஷினால் தேய்த்தார். நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துச் சூடு பார்ப்பார்.

"சூடு ஏறிச்சுன்னா மொத்தமும் உப்பளத்து உப்பாட்டம் கொட்டிரும், பாத்துக்கிடும்."

நான் எங்கே பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம், கடைசிப் புள்ளிக்காக அவர் குனிந்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் நான் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். திரும்பிப் போக வெகுநேரம் ஆயிற்று. அண்ணாச்சி வெடவெடவென்று நடுங்கியபடி, இரண்டு கையையும் கன்னத்தையும் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு அதே இடத்தில் நின்றார். கண்ணாடியில் ஒரு கோடு விழவில்லை.

"என் மூட்டுதாம்வே சொடக்கிச்சு" என்றார்.

"பயமா இருந்தா ஓட வேண்டியதுதான, அண்ணாச்சி?"

"நானும் ஓடிட்டா இத யாருவே புடிக்க?"

மறுநாள் முதலாளி வந்தார். கண்ணாடி இருப்பதே தெரியாமல், கடலைப் பார்த்தபடி நேரே நடந்தார். "ஒடைஞ்சிரும்" என்று அலறியவன் நான்தான். முதலாளி நின்றார். கண்ணாடியும் நின்றது, என் வேலையும் நிலைத்தது.

இப்போது சைட்டில் எனக்கும் அந்தப் பெயர்தான். யார் கூப்பிட்டாலும் கோபம் வருவதில்லை. பக்கத்தில் அவர் நிற்பதுபோல் கொஞ்சம் தைரியம்தான் வருகிறது.