என் பதிவின் முதல் ஐந்து வரிகள்

எழுதுகிறவன் எவனும் தன் எழுத்தை மற்றவர்கள் கடைசி வரைக்கும் வாசிப்பார்கள் என்றுதான் நம்புகிறான். அது சுத்த மடத்தனம். நானே மற்றவன் எழுதியதைக் கடைசி வரைக்கும் வாசிப்பதில்லை. பிறகு எனக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது?

நான் இருப்பது புங்குடுதீவில், இறுப்பிட்டியில். வீடுகளுக்கு வயரிங் செய்வதும் கூரையில் சூரியத் தகடு பூட்டுவதும் தொழில். பொழுதுபோக்கு, கோபப்படுவது. அந்தக் கோபத்தைக் கொட்டுவதற்காக நெடுங்காலமாக ஒரு வலைப்பதிவு வைத்திருக்கிறேன். குழாயில் தண்ணீர் வராதது, பஸ் வராதது, வந்த பஸ் நிற்காதது எல்லாம் அதில் வந்திருக்கிறது.

முன்பு தமிழ்ப் பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் திரட்டிகள் இருந்தன. ஆட்கள் அங்கே தலைப்பைப் பார்த்துவிட்டு என் பதிவுக்கு வருவார்கள். வாசிப்பார்கள். கீழே பின்னூட்டத்தில் என்னோடு சண்டை பிடிப்பார்கள். நானும் விடமாட்டேன். எப்படியோ, சண்டை என் முற்றத்தில் நடந்தது. யார் கத்துகிறார், யார் நொந்துபோனார் என்பது எனக்குத் தெரிந்தது. பிறகு அந்த வேலையை முகநூல் குழுக்கள் பிடித்துக்கொண்டன. தீவுப்பகுதிச் சங்கதிகளை எல்லாம் பொறுக்கிப் போடும் பெரிய குழு ஒன்று இருக்கிறது. நடத்துகிறவர் கனடாவில். நான் பதிவு போட்டால் அதன் முதல் ஐந்து வரி தானாகவே அங்கே போய் விழும். ஆட்கள் அந்த ஐந்து வரியை வாசித்து, அங்கேயே அடிபட்டு, அங்கேயே சமாதானமாகிப் போய்விடுவார்கள். என் முற்றத்துக்கு ஒருவரும் வருவதில்லை. எனக்கு அந்தக் குழுவைக் கண்ணில் காட்டக் கூடாது. அதனால் அதில் சேரவில்லை. (சேர்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.)

கடைசியில் என் பதிவுகளுக்குக் கீழே வந்தவை முடி வளர்க்கும் எண்ணெய் விளம்பரங்கள் மட்டும்தான். நான் பார்த்து அனுமதித்தால்தான் பின்னூட்டம் வெளியே தெரியும் என்று ஒரு பூட்டைப் போட்டேன். போட்டதோடு சரி. பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

போன வருடம் நெடுந்தீவில் ஒரு வீட்டில் வேலை வந்தது. குறிகட்டுவான் துறையில் படகுக்குள் இறங்கி, நல்ல இடமாகப் பார்த்து என் சாமான் பையை வைத்தேன். எங்கள் பக்கத்தில் பை இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. யாழ்ப்பாண பஸ் வந்து சேராமல் படகு வெளிக்கிடாது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்தத் துணிவில் தேநீர் குடிக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, நான் பூட்டிய மின்விசிறி சுற்றவில்லை என்றார். கடையின் பின்பக்கம் போய் நின்று அவரோடு கத்தினேன். திரும்பி வந்தால் படகு இல்லை. பை நெடுந்தீவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் கையில் வடையோடு நின்றேன்.

வீட்டுக்கு வந்த சூட்டோடு எழுதத் தொடங்கினேன்.

“நெடுந்தீவுப் படகு ஓட்டும் தாசன் என்பவருக்குப் பயணியும் மூட்டையும் ஒன்று. இன்று என் பையை ஏற்றிக்கொண்டு என்னை விட்டுவிட்டுப் போனார். பஸ் வரும்வரை நிற்க வேண்டும் என்ற அறிவுகூட இல்லை. இப்படியானவரிடம் படகைக் கொடுக்கக் கூடாது. தெப்பத்தில் ஏற்றி நடுக்கடலுக்குத் தள்ளிவிட வேண்டும்.”

இவ்வளவும் எழுதி முடிய, நெடுந்தீவு வீட்டுக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். அங்கே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டு, படகை உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். தாசன் அண்ணை என்னைத் தேடிக் கடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். நான் பின்பக்கம் நின்று கத்தியதில் அந்த ஆள் என்னைக் காணவில்லை. அந்த அவதிக்குள்ளும் தாசன் அண்ணை என் பையைத் தவறாமல் அந்த வீட்டில் சேர்ப்பித்திருக்கிறார்.

மனிதனாகப் பிறந்தவன் எழுதியதை அழித்திருப்பான். எனக்கோ அவ்வளவு நல்ல ஏச்சுப் பேச்சை அழிக்க மனம் வரவில்லை. அதனால் கடைசியில் ஒரு பந்தி சேர்த்தேன். நடந்தது முழுவதையும் சொல்லி, பிழை என்னுடையது, தாசன் அண்ணை மன்னிக்க வேண்டும் என்று முடித்தேன். முதலில் அடித்து, கடைசியில் திருப்பிப் போடுவது எழுத்தின் நுட்பம் என்று நினைப்பு. (நுட்பம். மண்ணாங்கட்டி.)

மனைவி சுகந்தி வாசித்துப் பார்த்தாள்.

“மேலை பேசிப்போட்டுக் கீழை மன்னிப்புக் கேக்கிறியள். மன்னிப்பை மேலை போட்டா என்ன, குறைஞ்சே போவியள்?”

“அப்பிடிப் போட்டா ஆர் வாசிப்பினம்?”

“இப்ப மட்டும் ஆர் வாசிக்கினம்?”

பதிவுக்குக் கீழே ஒரு பின்னூட்டமும் தெரியவில்லை. சுகந்தி சொன்னது சரி, ஒருவரும் வாசிக்கவில்லை என்று முடிவு கட்டினேன். வேலணைப் பக்கம் வேறு வேலைகள் வந்தன. மறந்துபோனேன்.

சில வாரம் கழித்து மறுபடி குறிகட்டுவானுக்குப் போனேன். படகில் சுக்கான் பிடித்துக்கொண்டு வேறு ஒருவர் நின்றார்.

“தாசன் அண்ணை எங்கை?” என்று பொதுவாகக் கேட்டேன்.

நெடுந்தீவில் ஆடு மாடு வளர்க்கும் ஒரு அக்கா, முன்பு என்னோடு நன்றாகக் கதைக்கிறவர், தலையைத் திருப்பாமல் சொன்னார்: “அவரைத் தள்ளிப்போட்டுத் தேடுறார், பாருங்கோ.”

பின்னால் இருந்த ஒருவர் சுக்கான் பிடித்தவரைப் பார்த்து, “கெதியா எடு மோனை, பிந்தினா உன்னையும் எழுதிப்போடுவார்” என்றார்.

“என்ர பதிவையே சொல்லுறியள்? அதை ஒருத்தரும் வாசிக்கேல்லையே” என்றேன். வாசித்திருக்கிறார்களே என்று உண்மையிலேயே ஒரு பக்கம் சந்தோசமாகத்தான் இருந்தது. (அவ்வளவு கேவலமான பிறவி நான்.)

அக்கா தன் கைத்தொலைபேசியை என் மடியில் போட்டார். அந்தக் குழு. என் ஐந்து வரி. மேலே குழுக்காரர் தன் பங்குக்கு ஒரு தலைப்புப் போட்டிருந்தார்: ‘பயணிகளைக் கைவிட்டு ஓடும் படகோட்டி’. கீழே நூற்றுக்கணக்கில் கருத்துகள். சுவிசிலிருந்து ஒருவர் தாசன் அண்ணைக்குக் குடிப்பழக்கம் என்று கண்டுபிடித்திருந்தார். லண்டனிலிருந்து ஒருவர் தன்னையும் ஒருமுறை விட்டுவிட்டுப் போனதாக எழுதியிருந்தார். (அவர் தீவை விட்டுப் போனபோது தாசன் அண்ணை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார்.) பாரிசில் இருக்கும் படகு முதலாளியின் தம்பி, படகுக்கு எஞ்சின் எடுத்துக் கொடுத்தவர், “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று எழுதியிருந்தார். பார்த்துக்கொண்டும் விட்டார். ஒருவர், ஒரே ஒருவர்கூட, இணைப்பை அழுத்திக் கடைசிப் பந்திக்குப் போகவில்லை.

படகு அலையில் ஏறி விழ, நான் குனிந்து அதையே வாசித்துக்கொண்டிருந்தேன். கடல் நடுவே பிறந்து வளர்ந்த நான், வாழ்க்கையில் முதன்முறையாகப் படகில் வாந்தி எடுத்தேன். ஒருவரும் முதுகு தடவிவிடவில்லை.

நெடுந்தீவில் இறங்கிய கையோடு என் தொலைபேசியில் அந்தக் குழுவில் சேர்ந்து, “தாசன் அண்ணை நல்ல மனிதர், பிழை என்னுடையது” என்று எழுதினேன்.

“நீர் தாசன்ர சொந்தக்காரரோ?” என்று ஒருவர் கேட்டார்.

“இல்லை. இதை எழுதினதே நான்தான்.”

“எழுதினவரை எனக்கு நேரிலை தெரியும். அவர் கனடாவிலை, ஸ்காபரோவிலை இருக்கிறார்.”

“ஸ்காபரோவோ? நான் இறுப்பிட்டி.”

“பொய்ப் பேரிலை வந்து வக்காலத்து வாங்காதையும்.”

நான் பிறகு எழுதிய சொல் இங்கே வேண்டாம். குழுக்காரர் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். நான் எழுதியதைப் பற்றிக் கதைக்க எனக்கு உரிமை இல்லாமல் போனது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு தாசன் அண்ணையின் வீட்டுக்கு நடந்தேன். முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

“என்ன, இண்டைக்குப் படகு உம்மை ஏத்தினதே?”

“அண்ணை, நான் கடைசியிலை மன்னிப்புக் கேட்டு எழுதினனான். அவையள் வாசிக்கேல்லை.”

“நான் வாசிச்சனான்.”

“எப்பிடி அண்ணை?”

“மகள் முழுக்க எடுத்துக் காட்டினவள். வாசிச்சுப்போட்டு அதுக்குக் கீழை உமக்கு எழுதினனான். இப்ப வரும், நாளைக்கு வரும் எண்டு பதிலைப் பாத்துக்கொண்டு இருந்தன். பெரிய மனிசன் நீர், பதில் போட நேரமில்லை எண்டு விட்டிட்டன்.”

அவர் முன்னாலேயே என் பதிவின் பூட்டைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்தது.

“தம்பி, கடைசிப் பந்தி கண்டனான். கோவம் இல்லை. முதலாளி நான் சொல்ல நம்புறாரில்லை. நீர் ஒருக்கா வந்து வாயாலை சொன்னாக் காணும். மாதா கோயில் திருநாள் முடிய வேறை ஆளைப் போடப்போறாராம். அதுக்கிடையிலை வாரும். தாசன்.”

திருநாள் முடிந்து போயிருந்தது. முதலாளியும் எங்கள் புங்குடுதீவில்தான் இருக்கிறார். என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். முன்பு ஊரே வந்து சண்டை பிடித்த என் முற்றத்துக்கு, ஊர் எல்லாம் முகநூலுக்குப் போன பிறகு வந்த ஒரே மனிதர் அவர். நான் உள்ளே பூட்டிக்கொண்டு, ஒருவரும் வரவில்லை என்று இருந்திருக்கிறேன்.

“இப்பவே போய்ச் சொல்லுறன் அண்ணை.”

“போம். போய்ச் சொல்லும்” என்றார். குரலில் ஒன்றும் இல்லை.

போனேன். முதலாளி கண்ணாடியைப் போட்டு என் தொலைபேசியில் கடைசிப் பந்தியை இரண்டு தரம் வாசித்தார்.

“இதை நீர் முன்னுக்கெல்லோ போட்டிருக்க வேணும்?”

“ஓம்.”

“இப்ப ஏலாது. மற்ற ஆளுக்குச் சொல்லிப்போட்டன். அவருக்கும் பிள்ளையள் இருக்கு.”

தாசன் அண்ணை இப்போது அனலைதீவுப் பக்கம் யாரோ ஒருவருடைய மீன்பிடிப் படகில் கூலிக்குப் போகிறார் என்று கேள்வி. போய்ப் பார்க்கவில்லை. போய் என்ன சொல்வது?

எங்கள் வீட்டில் இது இப்போது நிரந்தரப் பகிடி. நான் சாப்பாட்டு மேசையில் யாரையாவது ஏசத் தொடங்கினால் சுகந்தி கையை நீட்டித் தடுப்பாள். “இஞ்சாருங்கோ, முதல் கடைசிப் பந்தியைச் சொல்லுங்கோ.” வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தால் முழுக் கதையையும் அவளே சொல்வாள். பை தனியே பயணம் போனது, நான் வாந்தி எடுத்தது, நான் எழுதியதை நான் எழுதவில்லை என்று என்னையே துரத்திவிட்டது. வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்து முடிய யாராவது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது சரி, அந்தப் படகுக்கார மனிசன் பிறகு என்ன ஆனார்?” என்று கேட்பார்.

சுகந்தி என்னைப் பார்ப்பாள். நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விடுவேன்.