எத்தனை பெற்றால் சரி, அண்ணி?

பிரிக்பீல்ட்ஸ்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய அண்ணி சீதாலெட்சுமி அவர்களுக்கு, தம்பி பெண்சாதி லோகேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், உங்கள் தம்பி பரமேஸ்வரன், பிள்ளைகள் நால்வரும் பத்துமலை முருகன் புண்ணியத்தில் நலம். உங்கள் நலத்தை விசாரிக்க வேண்டியதில்லை. போன ஞாயிறு உங்கள் பேரனின் காதுகுத்தில் உங்கள் தொண்டை எவ்வளவு நலமாக இருக்கிறது என்பதைக் கிள்ளான் ஊரே கேட்டது. போனில் பேசலாமென்றால் என்னைப் பேச விடமாட்டீர்கள், வாட்ஸ்அப்பில் எழுதினால் குடும்பக் குழுவில் போட்டுவிடுவீர்கள். ஆகவே கடிதம்.

பந்தியில் எல்லார் இலையிலும் சோறு விழுந்த நேரம் பார்த்து, ரசக் கரண்டியை என் பக்கம் நீட்டி, "மூணோட நிறுத்தியிருந்தா இவளுக்கு மார்ல அந்த நோவு வந்திருக்குமா? நாப்பத்தோரு வயசுல நாலாவது கேட்டுச்சாக்கும்! கடைசியா வந்தது கையோட கொண்டாந்துருச்சு" என்றீர்கள். கல்யாணமே ஆகாத உமாவுக்கு மார்பில் புற்று வந்தபோது, "புள்ள பெறாத ஒடம்பு, அதான்" என்றதும் நீங்கள்தான். ஒன்றோடு நிறுத்திய தங்கமணி டீச்சருக்கு வந்தபோது, "ஒண்ணு பத்துமா லா?" என்றதும் நீங்கள்தான். பெறாததும் தப்பு, ஒன்றும் தப்பு, நான்கும் தப்பு என்றால் எத்தனை பெற்றால் சரி என்று சொல்லிவிடுங்கள், ஊருக்கெல்லாம் உதவும்.

இதையும் ரசத்தோடு விழுங்கியிருப்பேன். ஆனால் எதிர்வரிசையில் தாமரை உட்கார்ந்திருந்தாள். கடைசியாக வந்தது அவள்தான், அவளுக்கும் காது இருக்கிறது. அடுத்த மாதம் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு யூனிகார்ன் கேக் வேண்டுமென்று என் உயிரை எடுத்துக்கொண்டிருந்த பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் "பர்த்டே வேணாம்மா" என்றாள். ஏன் என்று கேட்டால், "நான் பொறக்கலன்னா ஒனக்கு வந்திருக்காதுல்ல?" உங்கள் தம்பி ஆறுதல் சொல்லப் போனார். "அதெல்லாம் இல்ல கண்ணு. அப்படியே இருந்தாலும் அப்பா ஒன்ன மன்னிச்சிட்டேன்" என்றார். இவரை நீங்கள்தான் தூக்கி வளர்த்ததாக அடிக்கடி சொல்வீர்கள். வளர்ப்பு தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஆஸ்பத்திரியில் வழக்கமான செக்கப். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதவளையும் கூட்டிக்கொண்டு போனேன். உங்கள் தம்பி காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றோ சுற்றென்று சுற்றி, கடைசியில் யாரோ பெரிய டாக்டரின் இடத்தில் நிறுத்தி, செக்யூரிட்டி கார்டு வந்து விரட்ட, நாங்கள் இருவர் மட்டும் உள்ளே போனோம். புது டாக்டர், ஹேமா என்று பெயர். நான் உட்காருவதற்குள் தாமரை, "டாக்டர், எங்கம்மாவுக்கு என்னாலதான் வந்துச்சா? அத்தை சொன்னாங்க" என்று கேட்டுவிட்டாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "புள்ள பொறந்த கொஞ்ச வருஷத்துக்குள்ள வந்தா சில பேருக்கு நோய் கொஞ்சம் மொரடா இருக்கும், நாங்க கூடுதலா கவனிப்போம். அது ஆயிரக்கணக்கான பேரப் பார்த்து சொல்றது. ஒங்கம்மாவுக்கு ஏன் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒன் மேல தப்பே இல்ல" என்றார். பிறகு என்னிடம், "ஆரம்பத்துல எப்படித் தெரிஞ்சுச்சு?" என்றார்.

என்ன சொல்வது, அண்ணி? கைக்குழந்தை வலப்பக்கம் மட்டும் பால் குடிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பித் திருப்பி அழுததை, "பால் கட்டிக்கிச்சு, மல்லியப்பூ வச்சிக் கட்டு" என்று யோசனை கிடைத்ததை, நான் வாரக்கணக்கில் கோயில் தேர் மாதிரி மணத்துக்கொண்டு திரிந்ததை, கடைசியில் பிள்ளையின் பிடிவாதம் தாங்காமல் கிளினிக்குக்குப் போனதை எல்லாம் சொன்னேன். மல்லிகைப்பூ யாருடைய யோசனை என்பதை மட்டும் சொல்லவில்லை. குடும்ப மானம்.

"அப்போ மொதல்ல கண்டுபிடிச்சது பாப்பாதான்" என்றார் டாக்டர்.

தாமரை கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ எனக்கு ரெண்டடுக்கு கேக் வேணும்" என்றாள். லிஃப்டில் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். கீழே எங்கள் முகத்தைப் பார்த்த உங்கள் தம்பி, ரிசல்ட் மோசம் என்று முடிவு கட்டி, தன்னை விரட்டிய அதே கார்டின் தோளில் சாய்ந்து ஓவென்று அழ, அந்த மனிதர் அபராதச் சம்மன் எழுதுவதா தட்டிக்கொடுப்பதா என்று தெரியாமல் முழித்தார்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். பிறந்தநாளுக்கு நீங்கள் வரவேண்டாம். தீபாவளிக்கும் வேண்டாம். பாகற்காய்ச் சாறும் அனுப்ப வேண்டாம். எட்டு வருஷமாக நான் பிழைத்திருப்பதே அந்தச் சாற்றால்தான் என்று கிள்ளான் பாசாரில் காய் வாங்கும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறீர்களாம். எட்டு வருஷமாக அதைக் குடித்தது என் வீட்டு சிங்க்.

வீட்டில் அண்ணனுக்கு என் வணக்கம். பேரனுக்குக் காதுப்புண் சீக்கிரம் ஆறி, அந்தக் காதில் நல்ல சொல் மட்டும் விழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
மரியாதை குறையாத,
லோகேஸ்வரி

பி.கு.: வருகிற புதன்கிழமை சாயங்காலமே வந்துவிடுங்கள். வியாழனன்று எனக்கு மேமோகிராம். வருஷா வருஷம் எடுப்பதுதான், ஆனாலும் தூக்கம் வரவில்லை. உள்ளே போகுமுன் தாலியைக் கழற்றி ஒரே ஒரு தரம் உங்கள் தம்பியிடம் கொடுத்தேன். கேன்டீனில் மீ கோரேங் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்தார். மற்ற எல்லா வருஷமும் உங்கள் கையில்தான் கொடுத்திருக்கிறேன். நான் வெளியே வரும்வரை அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பீர்கள். வந்ததும் முதலில் தாமரையிடம் பேசுங்கள். சாப்பாடு அப்புறம்தான்.